ஒன்பதாவது வரிசை

நேற்று கோணலாகத் தைத்த வரிசை இன்று நேராக இருந்தது.

விமலன் அந்த ஆறு துணிச் சதுரங்களையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பத்து நாட்களாகக் கிள்ளானின் மேல் கவிந்து கிடந்த புகைமூட்டத்தில் காலை பதினொரு மணி வெளிச்சம்கூட ஆறிப்போன தேநீரின் நிறத்தில்தான் இருந்தது. எதிர் பிளாக் இருக்கும் இடத்தில் மங்கலாக ஒரு கறை மட்டும் தெரிந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டுகளைச் செருகி வைத்தும் எங்கோ காடு எரியும் வாடை உள்ளே புகுந்து சோற்றிலும் தலையணை உறையிலும் மகளின் தலைமுடியிலும் படிந்திருந்தது. அந்த மங்கலிலும் தையல் நன்றாகவே தெரிந்தது. மூன்றாவது சதுரத்தைச் சேர்க்கும்போது துணி கையை விட்டு நழுவி, தையல் வளைந்து நெளிந்து ஓடியது அவனுக்கு நினைவிருந்தது. எரிச்சலில் மெஷினை அணைத்துவிட்டு எழுந்ததும் நினைவிருந்தது. இப்போது அந்த இடத்தில் அடிமட்டம் வைத்து இழுத்தது போல ஒரே நேர்த் தையல். பிரித்தெடுத்த பழைய நூல் மிளகளவு உருண்டையாக உருட்டப்பட்டு மெஷினின் மேல்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

அப்படி உருட்டி ஒட்டுவது மாதவியின் பழக்கம். மாதவி இறந்து நான்கு மாதம் ஆகிறது.

அவன் உருண்டையை விரலால் தட்டிவிட்டான். அது தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. புனிதாக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் மாடிப் புனிதாக்காவிடம் இந்த வீட்டுச் சாவி ஒன்று இருந்தது.

போர்வை யோசனையும் புனிதாக்காவுடையதுதான். விமலன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடச் சொல்லிவிட்டதால், ஏழு வயது மகள் விஷ்ணுப்ரியாவைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் லீவு எடுத்திருந்தான். அவளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் நைட்டி ஒன்றைச் சுருட்டி அணைத்துக்கொள்ளாமல் பாப்பா தூங்குவதில்லை. கசங்கிக் கசங்கி அந்த நைட்டி தோளில் கிழிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் புனிதாக்கா சொன்னாள்.

"மாதவி துணியெல்லாம் அலமாரியில சும்மாதானே கெடக்கு. சதுரம் சதுரமா வெட்டி ஒரு செலிமுட் தச்சுக் குடேன். புள்ள போத்திக்கிட்டுப் படுக்கும்."

"எனக்குத் தைக்கத் தெரியாதுக்கா."

"நேரா ஓட்டுறதுதான் லா. போர்க்லிஃப்ட் ஓட்டுற ஆளுக்கு இது ஒரு வேலையா?"

திங்கட்கிழமை முழுக்க வெட்டினான். மைலோ பெட்டி அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்றை அளந்து எடுத்து, அதை ஒவ்வொரு துணியின் மேலும் வைத்துச் சோக்கால் கோடு போட்டு வெட்டினான். சுடிதார், பாஜு கூரோங், நைட்டி, பழைய சேலை. அலமாரியைத் திறந்தபோது அவள் வாடை முகத்தில் வந்து மோதியது; கோடாலித் தைலமும் பவுடரும் கலந்த வாடை. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய சதுரங்களை எண்ணி அடுக்கினாள். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. நாற்பத்தாறோடு துணி தீர்ந்துவிட்டது. மீதி இரண்டுக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஒரு மூலையை வெட்டிச் சேர்த்தான்.

மத்தியானம் புனிதாக்கா மீன் கறி கொண்டுவந்தபோது கேட்டான்.

"நேத்து ராத்திரியோ காலையிலயோ மேல வந்தீங்களாக்கா? இந்தத் தையலைச் சரி பண்ணினது நீங்களா?"

புனிதாக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வரிசையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். தையலைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

"நான் எங்க வந்தேன்? நேத்து முழுக்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்தேன். நீதான் தச்சியா? நல்லா வருதே உனக்கு." பிறகு தையலின் முனையைப் பெருவிரலால் தடவினாள். "முடிச்சு போடாம ரெண்டு எட்டு பின்னால ஓட்டி நிறுத்தியிருக்க. மாதவியும் இப்படித்தான் நிறுத்துவா. அவ சொல்லிக் குடுத்தாளா?"

"பார்த்திருக்கேன்" என்றான். அவன் பார்த்ததே இல்லை.

பாப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "அம்மா அழகா தைக்கிறாங்க."

தைக்கிறார்கள். தைத்தார்கள் என்று சொல்லவில்லை. குழந்தைப் பேச்சு. புனிதாக்கா பெருமூச்சு விட்டுப் பாப்பாவின் தலையைத் தடவினாள். விமலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்க முடியவில்லை.

அன்று பிற்பகல் வெளிர் நிறம் ஒன்று, அடர் நிறம் ஒன்று என்று மாற்றி மாற்றி மீதிச் சதுரங்களையெல்லாம் தரையில் பரப்பி அழகு பார்த்து, வரிசை வரிசையாக அடுக்கிக் குண்டூசி குத்தி வைத்தான். இரண்டு வரிசைகள் தைத்தான். கோணல்தான். மெஷினின் சின்ன விளக்கு துணியின் மேல் மஞ்சளாக விழுந்தது. ஊசி ஏறி இறங்கும் சத்தம், இரவுப் பணி முடிந்து காலையில் வந்து படுக்கும்போதெல்லாம் சுவருக்கு அப்பால் கேட்ட அதே சத்தம், இப்போது தன் காலடியிலிருந்தே எழுவது அவனுக்கு என்னவோ போல இருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தான். ஊசி நின்றது. சரிதான். நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம் முட்டையும் ரொட்டியும் வாங்கப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனான். இருவரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். சாலையில் லோரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போயின. ஒவ்வொன்றும் புகையிலிருந்து முளைத்து வந்து புகைக்குள்ளேயே கரைந்தது. கடைக்காரர் பாப்பாவுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். லிஃப்டில் ஏறி நான்காம் மாடிக்கு வந்து, இரும்புக் கதவைத் திறந்து, உள்கதவைத் திறந்தான்.

பாப்பாவின் அறையில் மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தொட்டான். மெஷினின் பக்கவாட்டு சூடாக இருந்தது, வெகுநேரம் ஓடியதைப் போல. எட்டு வரிசைகளும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, தையல்கள் இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டு, மேசை மேல் விரிந்து கிடந்தன. குண்டூசிகள் அத்தனையும் டப்பாவுக்குள் இருந்தன. மெஷினின் மேல்பக்கத்தில் நூல் உருண்டைகள். மிளகு மிளகாக. ஒரு கைப்பிடி இருக்கும்.

"பாப்பா, அப்பா ரூம்ல இரு. நான் கூப்புடுறப்ப வா."

"ஏன்பா?"

"இரு லா!"

அவள் போனாள். விமலன் போர்வையின் மேல் குனிந்தான். அவன் வைத்த வரிசை இல்லை. வெளிர், அடர் என்று மாற்றி வைத்த ஒழுங்கு கலைந்திருந்தது. முதல் வரிசையில், முதல் சதுரம், மஞ்சள் சுடிதார். கொமியூட்டர் ரயிலில் அவளை முதன்முதலாகப் பார்த்த நாளில் அவள் போட்டிருந்தது. அதற்கடுத்தது நீலம், ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை செய்தபோது போட்ட சட்டை. மூன்றாவது வரிசையில் கல்யாணமான வருடத்துச் சேலைகள். நான்காவதில் யானைக்குட்டி போட்ட தொளதொள நைட்டி. பாப்பா வயிற்றில் இருந்தபோது உடுத்தியது. ஐந்தாவதில் பால்கறை போகாத பூப்போட்ட துணி. விரலை வைத்து வைத்துக் கீழே வந்தான். எல்லாம் வருட வரிசையில் இருந்தது. யாரோ நாள்காட்டியைப் புரட்டிப் புரட்டி அடுக்கியது போல. விரல் எட்டாவது வரிசைக்கு வந்தது. பெருநாள் விடுமுறையில் போட்டிருந்த சட்டை. அதற்கடுத்த வாரத்து நைட்டி. அதற்கடுத்து.

கடைசி இரண்டும் வெள்ளையாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது சதுரம் கத்தரிப்பூ நிறம். சிறிய வெள்ளைப் புள்ளிகள். அந்த நைட்டி அலமாரியில் இல்லை. மாதவி இறந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளிப்பாட்ட வந்தவர்கள் அதைக் கத்தரியால் வெட்டி எடுத்துக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு போனதை அவன் கண்ணால் பார்த்தான். சதுரத்தைத் தொட்டான். ஈரம். வியர்வை ஈரம், கழுத்துப் பட்டையில் ஊறியது போல. கோடாலித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறியது.

ஆறாவது அரக்கு நிறம். தங்கப் பொட்டு.

அது அவளுக்குக் கடைசியாகக் கட்டிவிட்ட சேலை. அதோடுதான் அவள் மின்சுடலைக்குள் போனாள். கதவு மூடியதைப் பார்த்தவன் அவன். மறுநாள் சாம்பலை அள்ளியவனும் அவன்.

அந்தச் சதுரம் சூடாக இருந்தது.

அவன் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகு இடிக்க நின்றான். அறை வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவள் போர்வையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா அன்னிக்கு உங்கள மூணு தடவ எழுப்பினாங்க" என்றாள்.

இதுவரை அவள் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் இரவுப் பணி முடிந்து வந்து படுத்தான். பத்து மணி இருக்கும், மாதவி தோளைத் தொட்டாள். "ஏங்க, மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. பம்ப் மருந்தும் முடிஞ்சிருச்சு. கிளினிக் கூட்டிட்டுப் போங்களேன்." அவளுக்கு ஆஸ்துமா உண்டு, மாதத்தில் இரண்டு முறையாவது இப்படிச் சொல்வாள். "கொஞ்ச நேரம் தூங்க விடு லா" என்று திரும்பிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொட்டாள். தலையணையைக் காதின் மேல் வைத்துக்கொண்டான். மூன்றாவது முறை பேச்சு இல்லை. கை மட்டும் வந்து அவன் முதுகில் விழுந்தது. அதை அவன் தள்ளிவிட்டான். இரண்டு மணிக்கு எழுந்தபோது மாதவி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தபடி சாய்ந்திருந்தாள். கூடத்தில் பாப்பா கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எல்லோரிடமும் ஓவர்டைம் என்று சொன்னான். இரண்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன் என்று சொன்னான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் பாப்பாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "யார் கேட்டாலும் அப்பா வீட்ல இல்லன்னு சொல்லணும், சரியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். நான்கு மாதமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தாள்.

இப்போது அவன் சமையலறையிலிருந்து கறுப்புக் குப்பைப் பை ஒன்றை எடுத்து வந்தான். போர்வையைச் சுருட்டித் திணித்தான். அது சுருள மறுத்தது. நனைந்த கம்பளி போலக் கனத்தது. வாயை இறுக்கி இரண்டு முடிச்சு போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. கீழே குப்பை அறையில் பெரிய தொட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே எறிந்து, மூடினான்.

திரும்பி வந்தபோது பாப்பா தரையில் கிடந்தாள்.

வாய் திறந்திருந்தது. உதடு நீலம். இரண்டு கைகளாலும் கழுத்தைச் சுற்றி எதையோ விலக்கப் பார்த்தாள், அங்கே எதுவும் இல்லை. நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. விமலன் அவளை அள்ளிக்கொண்டு படிகளில் இறங்கினான். "அக்கா! புனிதாக்கா! கார்! கார் எடுங்க!"

சாலை முனையில் இருந்த கிளினிக்குக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது. பாதி வழியில் பாப்பாவின் தொண்டை திறந்துகொண்டு மூச்சு விசிலடித்தது. முகத்தில் ஆவிக் கருவியை வைத்ததும் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது. இளம் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"விசில் இன்னும் கேக்குது. புகைதான் காரணமா இருக்கும். வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க. குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா?"

"இவ அம்மாவுக்கு இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"தவறிட்டா டாக்டர். நாலு மாசம் ஆச்சு. மூச்சுத் திணறல்தான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லையா? வீட்டுல யாரும் இல்லையா?"

புனிதாக்கா பக்கத்தில் நின்றாள். சுவரில் கடிகாரம் ஓடியது. ஆவிக் கருவி உறுமிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், சொல்லியிருக்கலாம், வாய்கூடத் திறந்தது.

"நான் வேலையில இருந்தேன் டாக்டர்" என்றான் விமலன். பிறகு, தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த மகளின் கண்களைத் தாங்க முடியாமல், "இல்லம்மா?" என்றான்.

முகத்தில் கவிழ்த்த குழாய்க்குப் பின்னாலிருந்து பாப்பா மெதுவாகத் தலையாட்டினாள்.

மாலை வீடு திரும்பினார்கள். "இன்னிக்குப் புள்ள என்கூட இருக்கட்டும். நீ கொஞ்சம் தூங்கு விமலா, பேயறைஞ்ச மாதிரி இருக்க" என்று புனிதாக்கா மூன்றாம் மாடியில் லிஃப்டைப் பிடித்து நிறுத்தியபடி சொன்னாள். பாப்பா அவளிடம் எதையாவது சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு வந்தது. "பரவால்லக்கா, நான் பார்த்துக்குறேன்" என்றான். லிஃப்ட் கதவு மூடியது.

போர்வை பாப்பாவின் கட்டிலில் விரிந்திருந்தது.

கசங்கல் இல்லை. குப்பையின் நாற்றம் இல்லை. நடுவில் பஞ்சு வைத்து, அடியில் விரிப்பு கொடுத்து, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. பாப்பா அவன் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அதற்குள் நுழைந்தாள். அவள் நெஞ்சின் விசில் அந்தக் கணமே தணிந்தது. அப்போதுதான் அவன் பார்த்தான். எட்டு வரிசைகளுக்குக் கீழே ஒரு சதுரம் தொங்கியது. தனியாக. வெள்ளைத் துணியில் மஞ்சள் வாத்துகள்.

மாதவியிடம் அப்படி ஒரு துணி இல்லை. அது பாப்பா பிறந்த அன்று அவளைச் சுற்றிக் கொடுத்த துணி.

பாப்பா கண்ணயர்ந்ததும் அவன் கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒரு தையலை வெட்டினான். ஒன்றே ஒன்று. பாப்பா தூக்கத்தில் விக்கி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, விடாமல் அப்படியே கிடந்தாள். அவன் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டான். மூச்சு வந்தது. குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டியது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. அந்த முடிச்சைப் போட்ட நேரத்தில்தான் இங்கே அவள் மூச்சு அடைத்தது.

அன்றிரவு அவன் தூங்கவில்லை. கட்டில் காலில் சாய்ந்து, போர்வையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தான். கண் ஒரு நொடி செருகும். திறந்தால் இன்னொரு சதுரம். முதல் பிறந்தநாள் கவுன், சிவப்பு. பாலர் பள்ளி ஏப்ரன். போன தீபாவளிப் பாவாடை. காலை ஒன்பது மணிக்கு ஐந்தாவது: பள்ளிச் சீருடையின் கருநீலம். அலமாரியைத் திறந்து பார்த்தான். கொக்கியில் தொங்கிய சீருடையின் நடுவே ஐந்து அங்குலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

வரிசைக்கு ஆறு. இன்னும் ஒன்று.

எட்டாவது வரிசை எதில் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

புனிதாக்காவுக்குப் போன் செய்தான். அவள் பங்சாரில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகளைக் கொடுக்கப் போயிருந்தாள்.

"ஒரு மணிக்குள்ள வந்துருவேன். என்னப்பா, குரல் ஏன் இப்படி இருக்கு?"

"வந்ததும் எங்கள இங்கேருந்து கூட்டிட்டுப் போங்கக்கா. எங்கயாவது. அப்புறம்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாதவியைப் பத்தி. நான் அன்னிக்கு..."

"சொல்லு."

"வாங்க. நேர்ல சொல்றேன்."

பாப்பாவுக்குப் பச்சைக் கவுன் ஒன்றைப் போட்டுவிட்டான். போட்ட பிறகுதான் ஆறாவது சதுரம் இதிலிருந்தும் வரலாம் என்று தோன்றியது. ஆனால் எதைப் போட்டாலும் அதே கதைதானே. ஒரு பையில் துணி, மருந்து. வாடகைக் காரைக் கூப்பிடப் பார்த்தான். புகையில் நின்று காத்திருப்பதை நினைத்து விட்டுவிட்டான். சோபாவில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். அவள் நெஞ்சு அவன் உள்ளங்கைக்குக் கீழே மெல்ல விசிலடித்தது. கடிகாரம் பன்னிரண்டு. பன்னிரண்டேகால். இரவு முழுக்க விரட்டிய தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மணலாகக் கனத்தது.

"அப்பா."

"ம்."

"அம்மாவுக்குத் தனியா இருக்கப் பயமா இருக்காம்."

"பேசாதம்மா. புனிதா ஆன்டி வந்துருவாங்க."

"நானும் பொய் சொல்லிட்டேன்ல. ரெண்டு தடவ."

"நீ ஒண்ணும் பண்ணல. அப்பாதான்..." நாக்கு தடித்தது. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான்.

யாரோ அவன் தோளைத் தொட்டார்கள்.

கொஞ்ச நேரம், என்று முனகித் திரும்பினான்.

மறுபடி தொட்டார்கள். பிறகு ஒரு கை, பேச்சில்லாமல், அவன் முதுகில் விழுந்தது.

விழித்துக்கொண்டான். மடி காலியாக இருந்தது. கடிகாரத்தில் மணி இன்னும் ஒன்று ஆகவில்லை; புகையில் ஜன்னல் செம்மஞ்சளாகக் கனன்றது. சுவருக்கு அப்பால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்தான். கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மெஷின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். விசில். ஊசி ஏறும்போது மூச்சு உள்ளே. இறங்கும்போது வெளியே. ஒன்று போல.

அறை வாசல்.

பாப்பா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகு காட்டி. மேசை மேல் போர்வை. விளக்கு எரிந்தது. அவள் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. கீழே பெடல் அழுந்தியிருந்தது.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

நாற்காலிப் பலகைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் அறையின் சுவர் தெரிந்தது. சுவரும் ஜன்னலும். வேறொன்றும் இல்லை. கவுன் மட்டும் யாருடைய மடியிலோ உட்கார்ந்தால் மடிவது போல இரண்டு பக்கமும் மடிந்து வழிந்தது.

"பாப்பா."

அவள் திரும்பினாள். சிரித்தாள். பச்சைக் கவுனின் நெஞ்சில் ஒரு சதுரம் இல்லை.

"நான் இருந்தேன்!" அவன் கத்தினான். "மாதவி! நான் வீட்லதான் இருந்தேன்! நீ எழுப்பின! நான்தான் எந்திரிக்கல! எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன், மாதவி, புள்ளைய விட்டுரு!"

"அம்மாவுக்குத் தெரியும்பா" என்றாள் பாப்பா, அன்பாக. "கடைசி மூலைதான். முடிஞ்சிரும்."

பாய்ந்தான். அறை நீளம் நாலு எட்டு. கை நீட்டினான். துணியைப் பிடித்தான். ஊசி இரண்டு எட்டு முன்னால் போனது. இரண்டு எட்டு பின்னால் வந்தது.

நின்றது.

விசிலும் நின்றது.

வெளியே இரும்புக் கதவு குலுங்கியது. "விமலா! விமலா, கதவத் தொற! ஏன் கத்துற?" புனிதாக்காவின் குரல். சாவிக்கொத்தின் சத்தம். அவனால் திரும்ப முடியவில்லை. அவன் கைக்குள் போர்வை மெதுவாக எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது. அதன் மூச்சு ஒன்றல்ல. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

பாப்பாவின் தலை பின்னால் சாய்ந்தது. பின்னால் எதுவும் இல்லை. சாய்ந்த தலை விழாமல் காற்றில் அப்படியே தங்கியது. கண்கள் பாதி மூடியிருந்தன. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி, யாரோ விரல்களால் கோதுவது போல, இழை இழையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.